நாளைய மின்சாரம் – 9: நட்டம் யார் தலையில்?

சென்ற வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு விழுப்புரம் மாவட்டக் காணை ஒன்றியத்திலிருந்து ஒரு வாசகர் தொலைபேசியில் அழைத்தார். கரும்பும் மல்லாட்டையும் வைக்கிற விவசாயி. பிளாஸ்மா, காந்தப்புலம் பற்றியெல்லாம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. “இது கவர்மென்ட் பண்றதா, கம்பெனிக்காரங்க பண்றதா சார்? நட்டம் வந்தா யாரு தலையில விடியும்?” என்றுதான் கேட்டார்.

அணுக்கரு இணைவைப் பற்றி இன்று உலகில் நடக்கும் விவாதத்தில் பாதி இந்தக் கேள்விதான். அரசு ஆய்வுக்கூடங்கள் எழுபது ஆண்டுகளாக இழுத்துக்கொண்டுவந்த தேருக்கு இப்போது தனியார் முதலாளிகளும் வடம் பிடிக்க வந்துவிட்டார்கள். 2024 வரை அவர்கள் போட்டிருக்கும் பணம் 700 கோடி டாலருக்கு மேல். நம் நாட்டில் இந்தக் கூட்டு எப்படி நடக்கிறது என்று பார்க்க நல்ல இடம், சூரத்துக்குப் பக்கத்தில் தபதி ஆறு கடலில் சேருமிடத்தில் இருக்கும் ஹசீரா. அங்கேதான் எல் அண்ட் டி நிறுவனத்தின் பெரிய பட்டறை இருக்கிறது.

அந்தப் பட்டறை வேலை செய்துகொடுத்தது, தெற்குப் பிரான்சில் கடராஷ் என்ற இடத்தருகே கட்டப்படும் ஈட்டர் என்கிற மாபெரும் இணைவு உலைக்கு. அதைப் பற்றி ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா, சீனா, ஜப்பான், தென்கொரியா, ரஷ்யா, அமெரிக்கா ஆகிய ஏழு தரப்பும் 2006 நவம்பர் 21 அன்று பாரிஸில் கையெழுத்திட்டன. கட்டுமானத்தில் ஐரோப்பாவின் பங்கு 45.6 சதவீதம்; மற்ற ஆறு பேருக்கும் ஆளுக்கு 9.1 சதவீதம். இந்தப் பங்கைப் பெரும்பாலும் பணமாகக் கொடுப்பதில்லை, பொருளாகச் செய்து அனுப்ப வேண்டும். ஆனால் உலையிலிருந்து கிடைக்கும் தொழில்நுட்ப அறிவில் எல்லோருக்கும் முழு உரிமை உண்டு. பதினொன்றில் ஒரு பங்கு கொடுத்து முழு அறிவையும் வாங்கிக்கொள்கிற இந்த ஒப்பந்தம் நமக்கு மிகவும் லாபமானது என்பதே என் கருத்து.

நம் பங்குக்கு வந்த பொருள்களில் பெரியது கிரையோஸ்டாட் என்ற வெளிக்கலன். ஈட்டரின் நடுவே பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்ற வாயு) 15 கோடி டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அதிலிருந்து சில மீட்டர் தள்ளி, அதைப் பிடித்து நிறுத்துகிற மீகடத்திக் காந்தங்கள் மைனஸ் 269 டிகிரியில் இருக்க வேண்டும். வெளிச்சூடு கொஞ்சம் உள்ளே புகுந்தாலும் காந்தம் தன் குணத்தை இழந்துவிடும். அதனால் மொத்த எந்திரத்தையும் வெற்றிடக் கலன் ஒன்றுக்குள் வைத்து மூடுகிறார்கள். டீக்கடைப் பிளாஸ்க் செய்கிற வேலைதான். ஆனால் இந்தப் பிளாஸ்க்கின் உயரமும் விட்டமும் ஏறத்தாழ 30 மீட்டர்; எடை 3,850 டன்.

எப்படிப்பட்ட கலன் வேண்டும், எவ்வளவு வெற்றிடம் தாங்க வேண்டும் என்பதை அறிவியலாளர்கள் வகுத்தார்கள். இந்தியத் தரப்பில் இதைப் பார்த்துக்கொள்வது காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தின் பிரிவான ஈட்டர்-இந்தியா. 1989இலேயே ‘ஆதித்யா’ என்ற டோகாமாக்கை, அதாவது காந்தப்புலத்தால் பிளாஸ்மாவை அடைத்துவைக்கும் எந்திரத்தை, இயக்கிய நிறுவனம் அது. ஆனால் 3,850 டன் எஃகை வளைத்து ஒட்டுகிற பட்டறை எந்த ஆய்வுக்கூடத்திலும் கிடையாது. 2012இல் ஒப்பந்தம் எல் அண்ட் டிக்குப் போனது.

ஹசீராவில் கலனை 54 துண்டுகளாகச் செய்தார்கள். கப்பலில் மார்சேய் அருகே இருக்கும் துறைமுகத்துக்கு அனுப்பி, அங்கிருந்து இதற்கென்றே அகலப்படுத்திய 104 கிலோமீட்டர் சாலையில் கொண்டுபோய், உலை வளாகத்திலேயே கட்டிய பட்டறையில் நான்கு பெரும் பாகங்களாகச் சேர்த்தார்கள். சேர்க்கிற வேலையும் எல் அண்ட் டியுடையதுதான். இதில் உயிர்நிலை வெல்டிங். கனத்த எஃகுத் தகட்டை ஒரு பக்கமாகப் பற்றவைத்துக்கொண்டே போனால் சூட்டில் தகடு இழுத்துக்கொள்ளும், வட்டம் கோணிப்போகும். நம்மூர்ப் பட்டறையில் கேட் செய்கிறவருக்கும் இது தெரியும், அவர் சுத்தியலால் தட்டி நேராக்கிவிடுவார். 30 மீட்டர் வட்டத்தில் மில்லிமீட்டர் கணக்குப் பார்க்கிற இடத்தில் தட்டிச் சரிசெய்ய வழியில்லை. எதிரெதிர் பக்கங்களில் ஆட்கள் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் பற்றவைக்க வேண்டும். பிறகு மீயொலியால் ஒவ்வொரு தையலையும் சோதிக்க வேண்டும். கசிவு பார்ப்பது ஹீலியம் வாயுவை வைத்து. ஒரு பக்கம் ஹீலியத்தை ஊதி, மறுபக்கம் அதன் அணுக்கள் வருகின்றனவா என்று கருவி மோப்பம் பிடிக்கும். தண்ணீர் புகாத இண்டில்கூட ஹீலியம் நுழைந்துவிடும்.

உலகமே ஊரடங்கில் இருந்த 2020 மே மாதம், 1,250 டன் எடையுள்ள அடிப்பாகத்தை உலைக்குழியில் இறக்கிவைத்தார்கள். ஈட்டரின் தனிப் பாகங்களில் மிகக் கனமானது அதுதான். மேல்மூடியின் கடைசித் துண்டுகள் அதே ஆண்டு ஜூன் 30 அன்று ஹசீராவிலிருந்து கிளம்பின.

சரி, நட்டம் யாருக்கு? ஒளிக்காமல் சொல்கிறேன்: இந்த ஏற்பாட்டில் தாமதத்தின் செலவு நம் தலையில்தான். நிறுவனம் ஒப்பந்தப்படி செய்துகொடுத்துப் பணம் வாங்கிக்கொள்கிறது. 2025இல் ஓடவேண்டிய ஈட்டர், 2024இல் வெளியிட்ட புதிய திட்டப்படி 2034இல்தான் ஆய்வைத் தொடங்கும். உண்மையான இணைவு எரிபொருளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் உள்ளே போவது 2039இல். கூடுதல் செலவு 500 கோடி யூரோ. இப்படிக் காத்திருக்க எந்தத் தனியார் முதலீட்டாளரும் சம்மதிக்க மாட்டார். இந்தப் பொறுமைக்காகத்தான் அரசு வேண்டியிருக்கிறது.

அந்தப் பொறுமைக்குக் கூலி கிடைத்ததா என்று அடுத்துக் கேட்க வேண்டும். கிடைத்தது என்பதற்கு ஓர் உதாரணம். 2022இல் ஈட்டரின் வெப்பக் கவசத்தில் குளிர்விக்கும் குழாய்களில் நுண்விரிசல் இருப்பதாக அறிவித்தார்கள். குழாயைப் பற்றவைத்த இடத்து இடுக்குகளில் தங்கிப்போன குளோரின் எச்சம் உலோகத்தை அரித்திருந்தது. 23 கிலோமீட்டர் நீளக் குழாயைப் பெயர்த்தெடுத்து மாற்ற வேண்டிய நிலை. அந்தப் பழுதுபார்க்கும் ஒப்பந்தத்தைப் பெற்ற நிறுவனங்களில் ஒன்று வதோதராவைச் சேர்ந்த ஐநாக்ஸ் இந்தியா. இந்தியப் பங்கின் கீழ் ஈட்டருக்குக் கடுங்குளிர்த் திரவங்களைக் கொண்டுபோகும் குழாய்கள் செய்து கைதேர்ந்த நிறுவனம் அது. நம் அரசு கொடுத்த வேலையில் பழகிய கை, பிறகு உலகச் சந்தையில் தன் தகுதியாலேயே வேலை வாங்குகிறது. பொதுப்பணம் தனியார் பட்டறைக்குப் போவதை நான் ஆதரிப்பது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

நம் பக்கத்துக்கு வருவோம். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போய்க் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினால் கல்பாக்கம். அணுமின் நிலையத்துக்காகத்தான் அந்த ஊர் பேர் வாங்கியது. ஆனால் அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் இணைவு உலைக்கு ஓர் எஃகு உருவாக்கியிருப்பது பலருக்குத் தெரியாது. இணைவில் வெளிப்படும் நியூட்ரான்கள் உலைச் சுவரையே கதிரியக்கப் பொருளாக்கிவிடும். சாதாரண உலை எஃகில் சேர்க்கும் மாலிப்டினமும் நியோபியமும் அப்படிக் கதிரியக்கம் ஏறினால் மிக நீண்ட காலத்துக்கு அடங்காது. எனவே அவற்றை நீக்கிவிட்டு டங்ஸ்டனும் டான்டலமும் சேர்த்தார்கள். எவ்வளவு சேர்ப்பது? டங்ஸ்டனை 1, 1.4, 2 சதவீதம் என மாற்றி மாற்றி உருக்கி, இழுத்தும் சூட்டில் தொங்கவிட்டும் சோதித்துக் கடைசியில் 1.4 சதவீத டங்ஸ்டன், 0.06 சதவீத டான்டலம் என்ற அளவில் நிலைகொண்டார்கள். உருக்கிக் கொடுத்தது ஹைதராபாத்தில் உள்ள பொதுத்துறை நிறுவனமான மிதானி. இதில் தனியார் யாருமில்லை. இப்படி உலோகத்தோடு பல வருடம் மல்லுக்கட்டுகிற வேலைக்குத் தனியார் வரவும் மாட்டார்கள். ஆனால் நாளை இந்த எஃகை வைத்துப் பொருள் செய்து விற்கப்போவது அவர்கள்தான்.

அமெரிக்கா வேறு வழியில் போகிறது. 2023 மே மாதம் எட்டுத் தனியார் நிறுவனங்களுக்கு மொத்தம் 4.6 கோடி டாலர் அறிவித்தார்கள். பணத்தை முன்கூட்டிக் கொடுப்பதில்லை. ஒப்புக்கொண்ட இலக்கை நிறுவனம் தன் காசில் எட்டிக் காட்டினால்தான் அரசின் பங்கு வரும். விண்வெளிச் சரக்கு ஏவுதலில் நாசா கையாண்ட முறை இது. ஒழுங்கான முறைதான். ஆனால் பின்னால் பெரும் முதலீட்டாளர்கள் இருக்கிற நாட்டில்தான் அது நடக்கும். எட்டில் ஒன்றான காமன்வெல்த் ஃபியூஷன் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்திலிருந்து 2018இல் பிறந்தது. நம் பக்கம் பெங்களூரு பிரானோஸ் போன்ற இளம் நிறுவனங்கள் இப்போதுதான் தவழ்கின்றன. அவர்களுக்கு இன்று அவசியம் காந்திநகர் ஆய்வுக்கூடத்தின் கருவிகளில் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பும், அங்கு பழுத்த பொறியாளர்களின் வழிகாட்டலும்.

என் கவலை ஒன்றுதான். ஈட்டருக்கான நம் வேலைகள் ஒவ்வொன்றாக முடிந்துவருகின்றன. அடுத்த உலை எது, எப்போது என்று தெரியாவிட்டால் இந்த வெல்டர்களும் கசிவுச் சோதனைக்காரர்களும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் போய்விடுவார்கள். இஸ்ரோ இந்தத் தவறைச் செய்யவில்லை. ஆண்டுதோறும் ராக்கெட் பாகங்களுக்கு ஆர்டர் கொடுத்துக் கொடுத்துத்தான் சின்னப் பட்டறைகளைக்கூட உயிரோடு வைத்திருந்தது. விழுப்புரம் ரயில்வே பள்ளியில் படித்த வீரமுத்துவேல் சந்திரயான்-3இன் திட்ட இயக்குநரானார் என்றால், அவருக்குப் பின்னால் அந்தத் தொடர்ச்சியும் இருந்தது.

காந்திநகர் ஆய்வாளர்கள் 2025இல் ஒரு பாதையை முன்வைத்தார்கள். முதலில் ‘எஸ்எஸ்டி-பாரத்’ என்ற 130 மெகாவாட் உலை. பிறகு 2060இல் 250 மெகாவாட் மாதிரி உலை. முதலாவதன் செலவு 25,000 கோடி ரூபாய் என்பது மதிப்பீடு. அதன் 130 மெகாவாட்டில் 100 மெகாவாட் பழைய அணுப்பிளவிலிருந்து வருவதால் எனக்குத் தயக்கம் உண்டு. பிளவு வந்தால் அதன் கழிவும் கூடவே வரும். ஆயினும் ஒரு திட்டம் இருப்பது நல்லது. விவாதிக்கவாவது ஏதோ ஒன்று கையில் இருக்கும். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி சட்டம் அணுமின் துறையின் கதவைத் தனியாருக்குத் திறந்துவிட்டதால், இணைவுக்கான விதிகளையும் இப்போதே பேசியாக வேண்டும். பிரிட்டன் 2023இல் இணைவு உலையைப் பிளவு உலையின் உரிம முறையிலிருந்து சட்டப்படி பிரித்துவிட்டது.

காணை வாசகருக்கும் உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். விழுப்புரம் எம்.பி.யிடம் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுங்கள். அடுத்த இணைவு உலையின் பாகங்களுக்கு எந்த ஆண்டில் ஒப்பந்தம் கோரப்போகிறார்கள்? பொதுப்பணத்தில் பிறந்த அறிவு எந்த நிபந்தனையில் நிறுவனங்களுக்குப் போகிறது? நம் மாவட்ட ஐ.டி.ஐ.களில் வெல்டர் டிரேடு படிக்கும் பிள்ளைகளுக்கு வெற்றிடக் கலன் வெல்டிங்கும் ஹீலியம் சோதனையும் கற்றுத்தர ஏற்பாடு உண்டா? நாடாளுமன்றத்தில் எழுத்துமூலம் கேட்டால் அணுசக்தித் துறை எழுத்திலேயே பதில் சொல்லியாக வேண்டும்.

(அடுத்த வாரம்: டிரிட்டியம் எங்கிருந்து வரும்?)