காற்றில் ஒரு தூசு: ஒரு ராக் பாடலின் பிறப்பும் பொருளும்

உள்ளத்து உணர்வுகளுக்கு ஒலிவடிவம் தருவது இசை. மேலைநாட்டு ராக் இசை என்றதும் செவியைத் துளைக்கும் பேரொலியே நம்மில் பலருடைய நினைவுக்கு வருகிறது. ஆயின், அவ்விசையின் ஒரு பிரிவாகிய பேலட் எனும் மென்னடைப் பாடல், ஆழ்ந்த சிந்தனைக்கும் இடமளிக்க வல்லது. இதற்குத் தக்க சான்றாக 'டஸ்ட் இன் த விண்ட்' என்னும் பாடலைக் காட்டலாம். 'காற்றில் தூசு' என்பது அத்தலைப்பின் பொருள்.

அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்திலுள்ள டொபீகா நகரில் உருவானது 'கேன்சஸ்' இசைக்குழு. அக்குழுவின் கிதார் கலைஞர் கெரி லிவ்கிரன், கிதார் நரம்புகளை விரல்களால் மீட்டும் முறையைக் கற்பதற்கென ஒரு பயிற்சியை அமைத்துக்கொண்டார். அதைக் கேட்ட அவருடைய மனைவியார், அதற்குச் சொற்களையும் அமைக்குமாறு ஊக்கினார். அமெரிக்கப் பழங்குடியினர் கவிதை நூலொன்றில் படித்த கருத்து பாடலுக்கு வித்தாயிற்று. குழுவின் வழக்கமான பாணிக்கு இது முற்றிலும் மாறானது என்பதால் லிவ்கிரன் தயங்கினார். குழுவினரோ உவந்து ஏற்றனர். 1977ஆம் ஆண்டு வெளியான இசைத்தொகுப்பில் இடம்பெற்ற இப்பாடல், 1978இல் அமெரிக்காவின் பில்போர்டு வரிசையில் 6ஆம் இடத்தை எட்டியது.

இதன் இசையமைப்பு நுட்பமானது. கட்டைவிரல் தடித்த நரம்புகளை மாறிமாறி மீட்ட, ஏனைய விரல்கள் மெல்லிய நரம்புகளை இயக்குகின்றன. தொடக்கத்தில் பிற சுரங்கள் நிலைத்து நிற்க, ஒரு நரம்பின் சுரம் மட்டும் இடம் பெயர்கிறது. மாறாத ஒன்றன்மீது மாறுவது ஒன்று இயங்கும் இவ்வமைப்பே பாடலின் பொருளையும் உணர்த்துவதாகக் கொள்ளலாம். ஸ்டீவ் வால்ஷின் குரலும், இடையே எழும் ராபி ஸ்டைன்ஹார்ட்டின் வயலினும் அவ்வுணர்வை மேலும் ஆழப்படுத்துகின்றன.

நிலையாமையே இப்பாடலின் பொருள். மனிதனின் கனவும் செல்வமும் காலத்தின்முன் நில்லா என்பதை இது எடுத்துரைக்கிறது. நம் இலக்கண மரபு 'காஞ்சி' என வகுத்துரைத்த உணர்வும் இதுவே. எனினும் ஒரு வினா எழுகிறது: அனைத்தும் தூசுதான் எனில், மனித முயற்சிக்குப் பொருள் யாது? இப்பாடல் நம்மைச் செயலற்றவராக்கி விடாதா?

இவ்வினாவுக்குப் பாடல் விடை கூறவில்லை. பணிவை மட்டும் கற்பித்து அமைகிறது. பல சமயக் கருத்துகளையும் தேடிக் கற்ற லிவ்கிரன், 1979இல் கிறித்தவ நெறியை ஏற்றார் என்பதை நோக்குமிடத்து, இப்பாடலை முடிந்த முடிபாக அன்றித் தேடலின் ஒரு படியாகவே கொள்ளத் தோன்றுகிறது. மனிதன் மண்ணிலிருந்து படைக்கப்பட்டு மண்ணுக்கே மீள்கிறான் என்பதோடு நில்லாமல், அதிலிருந்தே மீண்டும் எழுப்பப்படுவான் என்றும் திருக்குர்ஆன் (20:55) உணர்த்துகிறது. அம்மூன்றாம் நிலையை நம்புவோர்க்கு நிலையாமை என்பது சோர்வுக்குக் காரணமாகாது. செய்யும் செயலுக்குப் பொறுப்பேற்கத் தூண்டும் எச்சரிக்கையே ஆகும்.

விரற்பயிற்சியாகத் தொடங்கிய ஒரு சிறு முயற்சி, நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் கேட்கப்படுகிறது. தூசாகிய மனிதனின் உண்மையான உழைப்பு வீண்போவதில்லை என்பதற்கு இப்பாடலே சான்றாக விளங்குகிறது எனலாம்.