முதலில் யார் பாட்டைக் கேட்பது?

செய்யூரில் அண்மையில் சில வாலிபர்கள் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். “ஐயா, நாட்டுப் பாடல்களைக் கேட்க வேண்டும் என்ற ஆசை எங்களுக்கு உண்டாகியிருக்கிறது. கைபேசியைத் திறந்தால் நூறு பாடகர்கள் வரிசையாக வந்து நிற்கிறார்கள். யாரை முதலில் கேட்பது என்று தெரியாமல் தயங்குகிறோம். தாங்கள் ஒரு பெயர் சொன்னால் போதும்” என்றார்கள். பொழுதுபோக்கைப் பற்றிய சிறு கேள்வியாகவே அது முதலில் நமக்குத் தோன்றிற்று. யோசிக்க யோசிக்க, அதற்குள் பெரிய விஷயம் ஒன்று அடங்கியிருப்பது தெரிந்தது. அன்று அவர்களுக்குச் சொன்ன பதிலைச் சற்று விரித்து, நேயர்கள் எல்லோருடைய ஆலோசனைக்கும் இங்கே வைக்கிறோம்.

காது ஒரு தராசு. முதலில் எந்தப் படிக்கல்லை அதில் வைக்கிறோமோ, அதைக் கொண்டுதான் பின்னால் வருவதையெல்லாம் நிறுப்போம். பல வாத்தியங்கள் முழங்க, யந்திரத்தால் மெருகேற்றப்பட்ட சினிமாப் பாட்டை முதலில் கேட்டுப் பழகியவனுக்கு, வரப்பின் மேல் நின்று ஒரு கிழவி பாடும் பாட்டு குறையுள்ள நகலாகத் தோன்றும். மூலம் எது, நகல் எது என்ற நிதானம் தவறிவிடும். வரப்புப் பாட்டை முதலில் கேட்டவனோ, பிறகு சினிமாப் பாட்டைக் கேட்கும்போது, இதில் நம் முன்னோர் சொத்து எவ்வளவு, மேல்பூச்சு எவ்வளவு என்று உடனே பிரித்தறிவான். ஆகையால் எதையும் எந்த வரிசையிலும் கேட்கலாம் என்ற வாதத்தை நாம் ஒப்புவதற்கில்லை.

பாரதியார் காட்டிய வழி

இந்தக் கடற்கரையோடு தெற்கே சென்றால் சில மணி நேரத்தில் புதுச்சேரி வந்துவிடும். அங்கே வாழ்ந்த காலத்தில் பாரதியார் இயற்றிய ‘குயில் பாட்டு’ என்னும் காவியத்தில், தம் நெஞ்சைப் பறிகொடுத்த இசைகள் எவை எவை என்று ஓர் இடத்தில் அடுக்கிச் சொல்கிறார். ஏற்றம் இறைப்பவர், நெல் குத்தும் மாதர், சுண்ணாம்பு இடிப்பவர், வயலில் வேலை செய்யும் பெண்கள் ஆகியோரின் பாட்டுக்கள் அந்த வரிசையில் வருகின்றன. அவர் வெறுமனே ரசித்ததோடு நிற்கவில்லை. கும்மியையும், சிந்தையும், நொண்டிச் சிந்தையும் எடுத்து, அவற்றில் தேசபக்தியை ஊற்றிக் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களின் வாயில் சுதந்திரம் என்ற சொல் ஏறியது இப்படித்தான். நாட்டுப் பாடல் இல்லாவிட்டால் நமது தேசிய கீதங்கள் பாதி ஊமையாகப் போயிருக்கும் என்று சொன்னாலும் மிகையாகாது.

அமெரிக்கரின் அனுபவம்

இதே கேள்வி அமெரிக்காவிலும் எழுந்திருக்கிறது. 1927-ம் ஆண்டில் டென்னஸீ மாகாணத்துப் பிரிஸ்டல் நகரில் கார்ட்டர் குடும்பம் என்ற மலைநாட்டுப் பாடகர் மூவரின் பாட்டுக்கள் முதன்முதலாக இசைத்தட்டில் ஏறின. பிற்காலத்தில் அந்தக் கிராமிய சங்கீதம் பெரிய வியாபாரமாகி, மினுக்கும் உடையும் மேடை வெளிச்சமுமாக மாறிற்று. அதில் அலுப்புக் கொண்ட சில வாலிபர்கள் 1990-ல் ‘அங்கிள் டுபீலோ’ என்ற பெயரில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் பழைய கார்ட்டர் குடும்பப் பாட்டு ஒன்றின் பெயர். ‘ஆல்ட் கண்ட்ரி’, அதாவது வியாபார வழியை விட்டு விலகிய கிராமிய சங்கீதம் என்று இன்று அழைக்கப்படும் இயக்கம் அங்கிருந்து வலுப்பெற்றது. புதுமை செய்ய வந்தவர்கள் முதலில் தங்கள் பாட்டிகளின் பாட்டைத் தேடிப் போனார்கள் என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது.

இன்னொரு விஷயமும் உண்டு. கார்ட்டர் குடும்பத்தின் தலைவர் மலைக் கிராமங்களில் பாட்டுத் தேடி அலைந்தபோது, லெஸ்லி ரிடில் என்ற நீக்ரோ இசைஞர் உடன் சென்றார். கார்ட்டர் பாட்டின் சொற்களைக் குறித்துக்கொள்வார்; ரிடில் மெட்டை மனத்தில் வாங்கிக்கொள்வார். கார்ட்டரின் பெயர் உலகெங்கும் பரவியது. ரிடிலின் பெயர் நெடுங்காலம் எவர் நாவிலும் வரவில்லை. பாட்டை எடுத்துக்கொண்டு பாடியவனை மறந்துவிடுவது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய பாவமா? நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

நம்மவர்களில் யார் முதல்?

இனி வாலிபர்கள் கேட்ட பெயருக்கு வருவோம். நமது அபிப்பிராயத்தில், முதலில் கேட்க வேண்டியவர் கொல்லங்குடி கருப்பாயி அம்மாள். சிவகங்கைச் சீமையில் பிறந்த அவர், சங்கீதத்தைப் பள்ளிக்கூடத்தில் பயின்றவரல்லர். வயலிலும் களத்திலும் பாடிப் பழகிய குரல் அவருடையது. ரேடியோ அந்தக் குரலை ஊரறியச் செய்தது. 1985-ல் வெளிவந்த ‘ஆண் பாவம்’ படத்தில் அவர் நடித்தும் பாடியும் புகழ் பெற்றார். 1993-ல் கலைமாமணிப் பட்டம் கிடைத்தது. 2025-ம் ஆண்டு ஜூன் மாதத்தில், தொண்ணூற்றொன்பதாம் வயதில் காலமானார். அவர் குரலில் இனிமையை மட்டும் தேடுகிறவன் ஏமாறுவான். மூச்சு வாங்குவதும், சொல்லை இழுத்து நிறுத்துவதும், நடுவே சிரிப்பதும் எல்லாம் பாட்டின் அங்கங்களே. வேலையின் தாளமே பாட்டின் தாளம் என்பதை அவரைக் கேட்டவுடன் காது கண்டுகொள்ளும். அதனால்தான் அவரை முதல் படிக்கல்லாக வைக்கச் சொல்கிறோம்.

இரண்டாவதாக, டாக்டர் கே. ஏ. குணசேகரன். அவரும் அதே சீமையில், மாரந்தை என்னும் ஊரில் 1955-ல் பிறந்தவர். தீண்டாமைக் கொடுமையை நேரில் அனுபவித்தவர். அதை ‘வடு’ என்ற சுயசரிதையில் ஒளிவு மறைவின்றி எழுதியவர். புதுச்சேரிப் பல்கலைக் கழகத்தில் நாடகத் துறைப் பேராசிரியராக இருந்தார். கீழ்வெண்மணியில் 1968-ம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி இரவு நாற்பத்து நான்கு உயிர்கள் குடிசைக்குள் எரிக்கப்பட்ட கோரத்தை நினைத்துக் கவிஞர் இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ என்ற பாட்டை மேடைதோறும் பாடி, கேட்டவர்களை உலுக்கினார். 2016-ல் மறைந்தார். நாட்டுப் பாடல் என்றால் காதலும் கேலியும்தான் என்று எண்ணுகிறவர்கள் அவரைக் கேட்டால் அந்த எண்ணம் மாறும்.

மூன்றாவதாக, விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் அம்மையார். மதுரைப் பல்கலைக் கழகத்தில் பேராசிரியராக இருந்த அவரும் அவர் கணவரும் கிராமம் கிராமமாகச் சென்று ஆயிரக்கணக்கான பாடல்களைத் திரட்டினார்கள். திரட்டியதைத் தாங்களே பாடியும் காட்டினார்கள். 2018-ல் அம்மையாருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தாலாட்டு, தெம்மாங்கு, நடவு, கும்மி, ஒப்பாரி என்ற வகைகளை அறிந்துகொள்ள விரும்புவோருக்கு இவரே சிறந்த ஆசான்.

இம்மூவரையும் கேட்ட பிறகு மற்றவர்களிடம் தாராளமாகப் போகலாம். வேதாரண்யம் பக்கத்துப் புஷ்பவனம் குப்புசாமியும் அவர் துணைவியார் அனிதாவும் இருக்கிறார்கள். பரவை முனியம்மாள், சின்னப்பொண்ணு, தஞ்சை வட்டாரத்து அந்தோணிதாசன் ஆகியோர் இருக்கவே இருக்கிறார்கள். 2021-ல் உலகெங்கும் ஒலித்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாட்டை எழுதிப் பாடிய அறிவு போன்ற இளைஞர்களும் வந்திருக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்ட முன்னோரின் துயரத்தை அந்தப் பாட்டில் அவர் வைத்திருக்கிறார். வேர் தெரிந்து கேட்பவனுக்கே இந்தப் பூவின் மணம் முழுதும் புலப்படும்.

ஓர் ஆட்சேபம்

இங்கே ஒரு ஆட்சேபம் எழலாம். “சினிமா இல்லாவிட்டால் கருப்பாயி அம்மாளையே உங்களுக்கு யார் காட்டியிருப்பார்கள்? 2003-ல் ‘தூள்’ படம் வராவிட்டால் பரவை முனியம்மாளை மதுரைக்கு வெளியே எத்தனை பேர் அறிவார்கள்?” என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. சினிமா வாசலைத் திறந்து விட்டதென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வாசலில் நின்றுகொண்டே வீட்டைப் பார்த்தாகிவிட்டது என்று திரும்பிப் போகலாமா? முனியம்மாள் திரையில் பாடியதைக் கேட்டுக் கைதட்டிய லட்சக் கணக்கானோரில், முதுமையில் அவர் நோயும் வறுமையுமாக இருந்தபோது விசாரித்தவர் எத்தனை பேர்? 2020-ல் அவர் காலமானார். கைதட்டல் ஓய்ந்த பிறகும் நிலைக்கிற உறவு வேண்டுமானால், படத்தைத் தாண்டி மனிதரைத் தேடிப் போக வேண்டும்.

செய்யூரின் சொந்தப் பாட்டு

ஆனால் வாலிபர்களிடம் நாம் முக்கியமாகச் சொன்னது வேறொன்று. மேலே கூறிய பெயர்களெல்லாம் பெரும்பாலும் தெற்கத்திச் சீமையைச் சேர்ந்தவை. செய்யூருக்குச் சொந்தமான பாட்டு எங்கே? கந்தசுவாமி கோயிலும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கீர்த்தனங்கள் பல இயற்றிய செங்கல்வராய சாஸ்திரியும் இவ்வூரின் சங்கீதப் பெருமையை நிலைநாட்டியிருக்கிறார்கள். அந்தப் பெருமை ஏட்டில் ஏறிவிட்டது. ஏட்டில் ஏறாத சங்கீதம் ஒன்றும் இவ்வட்டாரத்தில் உண்டு. உப்பளத்தில் வெயிலில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். கடப்பாக்கத்துக் கரையில் வலை இழுப்பவர்கள் இருக்கிறார்கள். ஏரிப் பாசன வயல்களில் நடவு நட்ட பெண்கள் இருக்கிறார்கள். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கன்னியம்மனை வழிபடக் கூடி, இரவைப் பாட்டும் ஆட்டமுமாகக் கழிக்கும் இருளர்கள் இருக்கிறார்கள். திரௌபதியம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியப் பாரதக் கூத்து ஆடும் கலைஞர்கள் இருக்கிறார்கள். இவர்களுடைய பாட்டை நம்மில் எத்தனை பேர் உட்கார்ந்து கேட்டிருக்கிறோம்?

கேட்பதற்குக் காலம் அதிகமில்லை. ஏற்றப் பாட்டு என்பது வெறும் பாட்டாக மட்டும் இருந்ததில்லை. எத்தனை சால் நீர் இறைத்தாயிற்று என்று எண்ணும் கணக்கும் அதுவே. பம்பு செட் வந்தது, ஏற்றம் போயிற்று, ஏற்றத்தோடு பாட்டும் போயிற்று. நடவுக்கு யந்திரம் வந்திருக்கிறது. உடல் உழைப்பு குறைவதை நாம் மனமார வரவேற்கிறோம். கிழவிகள் சேற்றில் குனிந்துகொண்டே இருக்க வேண்டும் என்று எவனும் விரும்ப மாட்டான். ஆனால் உழைப்பு ஒழியும்போது, அந்த உழைப்பைத் தாங்கிய பாட்டும் ஒருவருக்கும் தெரியாமல் ஒழிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நமக்கு முன்னே சிலர் வழி காட்டியிருக்கிறார்கள். பெர்ஸி மாக்வீன் என்ற ஆங்கில அதிகாரி திரட்டி வைத்த தமிழ்ப் பாடல்களை ஸ்ரீ கி. வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, ‘மலையருவி’ என்ற பெயரில் 1958-ல் நூலாக வந்தது. பேராசிரியர் நா. வானமாமலை 1964-ல் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ என்ற தொகுப்பைத் தந்தார். அவர்கள் கையில் இருந்தது எழுதுகோலும் காகிதமும்தான். சொற்கள் தப்பின, மெட்டுக்கள் பல காற்றோடு போயின. இன்றோ ஒவ்வொரு வாலிபனின் சட்டைப் பையிலும் ஒலிப்பதிவுக் கருவி ஒன்று இருக்கிறது. அன்றைய பெரியோர்களுக்குக் கிடைக்காத பாக்கியம் இது.

அந்தக் கருவியை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். பாட்டை வாங்கிக்கொண்டு, பாடியவரைத் திண்ணைக்கு வெளியே நிறுத்தும் வழக்கம் நமக்குப் பழையது. பறையின் அடியில் மெய்சிலிர்ப்பவன், பறையடிப்பவனோடு சமமாக உட்கார மறுத்தான். ஒப்பாரி கேட்டுக் கண்ணீர் வடித்தவன், பாடிய மாதின் பெயரைக் கேட்கவில்லை. பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. விருது டில்லியிலிருந்து வரலாம். மரியாதை சொந்தத் தெருவிலிருந்தே வர வேண்டும். பாடுகிறவரின் வீட்டுக்குப் போங்கள். அவர் தரும் தண்ணீரைக் குடியுங்கள். அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். பெயரையும் ஊரையும் முதலில் குறியுங்கள். அந்தப் பாட்டால் ஒரு ரூபாய் வந்தாலும் அவர் பங்கை அவரிடம் சேர்ப்பியுங்கள்.

ஆகவே, முதலில் யார் பாட்டைக் கேட்பது என்ற கேள்விக்கு நமது பதில் இதுதான். இன்று இரவு கருப்பாயி அம்மாளைக் கேளுங்கள். அவர் குரல் காதில் இருக்கும்போதே, நாளைக் காலையில் உங்கள் தெருக் கோடியில் இருக்கும் பாட்டியிடம் போய், “ஆயா, நடவு நட்டபோது என்ன பாடினீர்கள்?” என்று கேளுங்கள். கொல்லங்குடியின் குரல் பதிவில் இருக்கிறது. அடுத்த வருஷமும் கேட்கலாம். செய்யூர் ஆயாவின் குரல் அடுத்த வருஷம் இருக்குமென்று யாரால் உறுதி சொல்ல முடியும்?