சிம்லாவில் தூரம் என்றால் உயரம்

ஊரிலிருந்து பெற்றோர் தில்லிக்கு வந்தால், ஆக்ராவும் ஹரித்வாரும் முடிந்த கையோடு அடுத்த பேச்சு சிம்லாதான். "ஊட்டி மாதிரிதானே, போயிட்டு வந்துடலாம்" என்று கிளம்பிவிடுவோம். ஆனால் ஊட்டியில் பூங்கா வாசல்வரை வண்டி போகும். சிம்லாவில் ஊரின் நடுப்பகுதிக்குள் நம் வண்டியை விடவே மாட்டார்கள். முட்டிவலிக்காரர்களை அழைத்துப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

சுமார் 2,200 மீட்டர் உயரத்தில், ஒரு மலைமுதுகின் சரிவில் கொலுப்படி போல அமைந்த ஊர் அது. கீழ்ப்படி கார்ட் ரோடு; பஸ், டாக்சி, கார் எல்லாம் அங்கேதான். அதற்கு மேலே லோயர் பஜார், மிடில் பஜார், பிறகு மால் ரோடு, அதையும் தாண்டி ரிட்ஜ் என்ற திறந்தவெளி. வரைபடத்தில் கார்ட் ரோடும் மாலும் ஒட்டினாற்போலத் தெரியும். நாங்கள் தங்கிய விடுதிக்காரர் போனில் "மாலிலிருந்து அஞ்சே நிமிஷம்" என்றார். பொய்யில்லை, இறங்குவதற்கு அஞ்சு நிமிஷம்தான். ஏறுவதற்கு அம்மாவுக்கு அரைமணி ஆயிற்று. ஆகவே அறை பதிவு செய்யும்போது தூரத்தைக் கேட்காதீர்கள். எத்தனை படி, வண்டி எதுவரை வரும் என்று கேளுங்கள்.

படியேற முடியாதவர்களுக்குக் கைகொடுப்பது கார்ட் ரோட்டில் இருக்கும் லிஃப்ட். சுற்றுலாக் கழகம் நடத்துகிறது. டிக்கெட் வாங்கி ஏறினால் பாதி மலையில் இறக்கிவிடும். சிறு நடைபாதையைக் கடந்து இன்னொரு லிஃப்டில் ஏறினால் மால். சாமான் தூக்கக் கூலியாட்கள் கிடைப்பார்கள், கூலியை முதலிலேயே பேசிவிடுவது நல்லது. ரிட்ஜுக்கு வந்துவிட்டால் அப்புறம் பெரும்பாலும் சமதரைதான், வயதானவர்கள் நிம்மதியாக உலாவலாம். இந்த முதுகின் ஒரு பக்கம் பெய்யும் மழை சட்லெஜுக்கும் மறுபக்கம் பெய்வது யமுனைக்கும் போகிறது. காலடியிலேயே வெள்ளைக்காரர் காலத்து நீர்த்தேக்கம் வேறு. இத்தனை இருந்தும் 2018 மே மாதக் கடைசியில் ஊரே குடத்தோடு வரிசையில் நின்றது. சுற்றுலாக்காரர்களே, இப்போது வராதீர்கள் என்று உள்ளூர்வாசிகள் கேட்டுக்கொண்டார்கள். கோடையில் போகிற நாம் விடுதிக் குழாயைப் பார்த்துத் திறப்பது நியாயம்.

போகும் வழிக்கு என் ஓட்டு கால்கா ரயிலுக்கு. 1903-இல் திறந்த பாதை. 96 கிலோமீட்டர், நூற்றுக்கு மேற்பட்ட குகைகள். நம் நீலகிரி ரயில் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும். இதற்குப் பல்சக்கரம் கிடையாது. அதனால்தான் வளைந்து வளைந்து, ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. நீளமான குகை பரோக்கில், 1,143 மீட்டர். குழந்தைகள் கத்தி எதிரொலி கேட்பதற்கென்றே அமைந்தது! ஜூலை, ஆகஸ்டில் மட்டும் வேண்டாம். 2023 ஆகஸ்டில் சம்மர் ஹில் பக்கம் மண் சரிந்து தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது; உயிர்ச்சேதமும் உண்டு.

பார்க்க வேண்டியதில் முதலிடம் வைஸ்ராய் மாளிகைக்கு. 1888-இல் கட்டி முடிந்தது. 1945 சிம்லா மாநாடு நடந்த இடம், ராஜாஜியும் கலந்துகொண்டார். டாக்டர் ராதாகிருஷ்ணன் ஜனாதிபதியாக இருந்தபோது ஆராய்ச்சி நிறுவனமாக மாறியது. ஜாக்கு அனுமார் கோயில் ஏற்றம் செங்குத்து. 2017 முதல் ரோப்வே இருக்கிறது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், குரங்குகளுக்கு அதன்மேல்தான் கண்.

ஒன்று விட்டுப்போயிற்று. லிஃப்ட் இரவில் மூடிவிடும். மாலில் சாப்பிட உட்காருமுன் கடைசி நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.