வழுக்காத கால்மிதி – பழைய பனியனும் சைக்கிள் ட்யூபும்

பாத்ரூம் வாசலில் உங்க வீட்டில் என்ன போட்டிருக்கிறது? பெரும்பாலும் கிழிந்த சாக்கு, இல்லாவிட்டால் பழைய துண்டை நாலாக மடித்துப் போட்டிருப்பார்கள். சொரசொரப்பான சிமெண்ட் தரைக்கு அது போதும். இப்போது நிறைய வீட்டில் டைல்ஸ் வந்துவிட்டது. டைல்ஸ் மேல் சாக்கு போட்டால் வழுக்குவது நம்ம கால் இல்லை, சாக்குதான். அது நம்மையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

உராய்வு விசை பற்றிப் படித்திருக்கிறோம் இல்லையா? இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால்தான் நாம் நடக்கவே முடிகிறது. வழுவழுப்பான தரையில் தண்ணி நின்றால், காலுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு மெல்லிய நீர்ப்படலம் வந்துவிடும். சோப்புத் தண்ணியாக இருந்தால் இன்னும் மோசம். அதனால் ஒரு நல்ல கால்மிதிக்கு இரண்டு வேலை இருக்கிறது. மேல்பக்கம் காலில் உள்ள தண்ணியைக் குடிக்கணும். அடிப்பக்கம் தரையை விடாமல் பிடிக்கணும். கடையில் வாங்குவதில் பல மிதிகள் முதல் வேலையை மட்டும்தான் செய்கின்றன.

எங்க அம்மிச்சி 2022-இல் இப்படி ஒரு சாக்கில் கால் வைத்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து, ஆறு மாசம் வாக்கர் பிடித்து நடந்தார்கள். இன்றைக்கும் குளிக்கப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போவார்கள். வயதானால் எலும்பு பலம் குறைந்துவிடும். நாம் விழுந்தால் சிராய்ப்பு, அவர்கள் விழுந்தால் முறிவு. வயசானவங்க இருக்கிற வீட்டுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

முதலில் துணி. பருத்தி பனியன் துணிதான் சிறந்தது. திருப்பூர்ப் பக்கம் உள்ளவர்களுக்கு கட்டிங் வேஸ்ட் கிலோக் கணக்கில் கிடைக்கும். மற்றவர்கள் பழைய பனியன், டீ-சர்ட் எடுத்துக்கொள்ளலாம். பாலியெஸ்டர் சேலை பளபளவென்று அழகாக இருக்கும், ஆனால் தண்ணியைக் குடிக்காது. துணி மேல் ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்கள். பலமுறை துவைத்த பருத்தியாக இருந்தால் உடனே உள்ளே இறங்கும். முத்து மாதிரி மேலேயே உருண்டு நின்றால் அந்தத் துணி வேண்டாம்.

பனியனை நெஞ்சுக்குக் குறுக்கே, 5 செ.மீ. அகல நாடாவாக வெட்டணும். வெட்டிய நாடாவை இரண்டு கையாலும் இழுத்தால் தானாகவே சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். ஓரம் பிரிந்து நூல் வராது. இதுதான் பின்னலாடைத் துணியின் சிறப்பு. நெய்த துணியில் இது நடக்காது.

நாடாவை நாடாவோடு சேர்க்க முடிச்சுப் போடக்கூடாது, பாதத்தில் உறுத்தும். இரண்டு முனையிலும் சின்னக் கீறல் போட்டு, ஒன்றின் கீறலுக்குள் மற்றதை விட்டு, அதன் வாலை அதன் கீறலிலேயே நுழைத்து இழுத்தால் போதும். பிறகு மூன்று நாடாவை வைத்துச் சடை பின்னுவதுதான். (பையன்கள் பயப்பட வேண்டாம். வலது ஓரத்தை நடுவுக்கு, இடது ஓரத்தை நடுவுக்கு, அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் வந்துவிடும்.)

எவ்வளவு சடை வேண்டும்? இங்கே கணக்கு உதவுகிறது. 50 செ.மீ. விட்டமுள்ள வட்ட மிதிக்கு ஆரம் 25 செ.மீ. பரப்பு 3.14 × 25 × 25 = 1962.5 சதுர செ.மீ. சடையின் அகலம் 2.5 செ.மீ. வந்தால், 1962.5 ÷ 2.5 = 785 செ.மீ. அதாவது ஏறக்குறைய 8 மீட்டர் சடை. பின்னும்போது நீளம் குறையும். நான் ஒரு மீட்டர் நாடாவில் பின்னிப் பார்த்தபோது 70 செ.மீ. தான் வந்தது. ஆகவே ஒவ்வொரு நாடாவும் 12 மீட்டர் இருக்கட்டும்.

சடையைப் பாய் சுருட்டுவது போல் சுற்றிச் சுற்றி, பக்கத்துப் பக்கத்துச் சடையைக் கோணி ஊசியால் கெட்டி நூல் போட்டுத் தைக்கணும். மடியில் வைத்துத் தைக்காமல் தரையில் பரப்பி வைத்தே தையுங்கள். சடையை இழுத்துப் பிடித்துத் தைத்தால் மிதி கிண்ணம் மாதிரி குழிந்துவிடும். ரொம்பத் தளர்த்தினால் ஓரம் அப்பளம் போல் நெளியும். ஓரம் தூக்கிக்கொண்டு இருந்தால் அதுவே காலைத் தடுக்கும். மெத்து மெத்தென்று இருக்கட்டும் என்று இரட்டை அடுக்குப் போடுவதும் வேண்டாம், சீக்கிரம் காயாது.

இப்போது அடிப்பக்கம். பஞ்சர் கடை அண்ணனிடம் கேட்டால் பழைய சைக்கிள் ட்யூப் கொடுப்பார். அதை நீளவாக்கில் பிளந்தால் உள்ளே வெள்ளையாகப் பவுடர் இருக்கும். அதைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவணும், ஏனென்றால் பவுடர் இருந்தால் ரப்பரே வழுக்கும்! இரண்டு விரல் அகலப் பட்டைகளாக வெட்டி, ஓரத்தை ஒட்டி நாலு பக்கமும் நாலு, நடுவில் ஒன்று வைத்துத் தையுங்கள். ஆணியால் முதலில் ஓட்டை போட்டுக்கொண்டால் ஊசி சுலபமாக இறங்கும். பஞ்சர் சொல்யூஷனில் ஒட்டினால் துவைக்கத் துவைக்கப் பெயர்ந்துவிடும், தையல்தான் நிற்கும்.

ரப்பர் வைத்தாச்சு என்று ஈரத்தரையில் போட்டுவிடாதீர்கள். ரப்பருக்கும் அந்த நீர்ப்படலம் எதிரிதான். தரையைத் துடைத்துவிட்டு, பாத்ரூமுக்கு உள்ளே இல்லாமல் வாசலுக்கு வெளியே போடணும். வயசானவங்க மிதிப்பதற்கு முன் நீங்களே ஒரு காலால் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் இன்னும் இரண்டு பட்டை தைக்கணும். வாரம் இரண்டு முறையாவது துவைத்து, துணிப்பக்கம் வெயில் படும்படி காயப் போடுங்கள். ரப்பரில் வெயில் பட்டால் வெடித்துப் போகும். வெடித்த பட்டையைப் பிரித்துவிட்டு வேறு ட்யூப் தைத்தால் அதே மிதி திரும்பவும் உழைக்கும்.