பனித்துளியும் ஆமையும்

பசிபிக் சமுத்திரத்திலே, தென்னமெரிக்காவின் ஈக்குவடோர் நாட்டுக் கரைக்கு ஏறக்குறைய 1,000 கிலோமீற்றர் மேற்கே கலாபகோஸ் தீவுகள் அமைந்துள்ளன. கடலின் அடியில் எரிமலைகள் கக்கிய குழம்பு குவிந்து இறுகியமையால் எழுந்தவை இவை. பெருநிலத்தோடு இவை ஒருபோதும் இணைந்திருந்ததில்லை. ஆதலின், பறந்தும் மிதந்தும் காற்றில் அலைந்தும் வந்து சேர்ந்த உயிர்களே இங்கு முதலிற் குடியேறின. 1959ஆம் ஆண்டில் இத்தீவுகளின் பெரும்பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது.

தீவுகளுள் மிகப் பெரியது இசபெலா. ஆறு எரிமலைகள் ஒன்றோடொன்று இணைந்தமையால் உருவானது அது. அவற்றுள் ஒன்றே அல்செடோ. அதன் உச்சி ஏறக்குறைய 1,100 மீற்றர் உயரமுடையது. ஆண்டின் பிற்பாதியில் மழை அருகினும், மலையின் மேற்புறத்தை மூடுபனி போர்த்து நிற்கும். அப்பனி மரங்களின் இலைகளிலும் பாசியிலும் படிந்து துளித்துளியாகச் சொட்டும். சொட்டிய நீர் மரநிழலிலே சிறு குட்டைகளாகத் தேங்கும். இராட்சத ஆமைகள் அக்குட்டைகளை நாடி வந்து நீர் பருகும். சேற்றிற் படுத்து வெயிலைத் தணிக்கும். தாம் உண்ட கனிகளின் விதைகளைச் செல்லுமிடமெல்லாம் விதைத்துச் செல்பவையும் அவையே. மரம் ஆமையைக் காக்க, ஆமை மரத்தைப் பரப்பியது.

இவ்வுறவைக் குலைத்தவை ஆடுகள். முற்காலத்திற் கடலோடிகளும் குடியேறியோரும் கொண்டுவந்து விட்டவற்றின் வழித்தோன்றல்கள் அவை. இசபெலாவின் நடுவே கிடக்கும் வறண்ட எரிமலைக்குழம்புப் பாறைவெளி அவற்றை நெடுங்காலம் தெற்கிலேயே தடுத்து நின்றது. 1970களின் பிற்பகுதியில் ஆடுகள் அதனைக் கடந்து வடக்கே புகுந்தன. 1990களில் அங்கு ஏறக்குறைய ஓர் இலட்சம் ஆடுகள் திரிந்தன எனக் கணிக்கப்பட்டது. செடிகொடிகள் மேயப்பட்டன; மரங்கள் பட்டன. பனியைப் பிடிக்க இலையின்றிப் போகவே, குட்டைகளும் வற்றின.

1997இல் தொடங்கி 2006இல் நிறைவுற்ற பெருந்திட்டமொன்று வட இசபெலாவின் ஆடுகளை அகற்றிற்று. ஹெலிகொப்டரிலிருந்து அவை சுடப்பட்டன. எஞ்சியவற்றைக் கண்டுபிடிக்க, கழுத்தில் வானொலிக் கருவி பூட்டிய ஆடுகள் விடப்பட்டன. இனத்தை நாடும் இயல்பால், அவை ஒளிந்திருந்த மந்தைகளைக் காட்டிக்கொடுத்தன. பின்னர் மலையிற் பசுமை மீண்டது.

ஆடுகள் யாதொரு குற்றமும் அறியாதவை. அவற்றைக் கொணர்ந்தவன் மனிதன். கொல்ல நேர்ந்தவனும் அவனே. பூங்காவெனப் பிரகடனம் செய்த பின்னரே அல்செடோ அழிந்தது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. இன்று தீவுகளுக்கு வருவோரின் பயணப்பொதிகளில் விதையோ பூச்சியோ உண்டாவெனச் சோதிப்பது இதன் பொருட்டே. வந்தபின் அழிப்பதினும் வாராமற் காப்பதே எளிது, இரக்கமுடையதும் அதுவே.