கொப்பரைக்கு ஏன் சூரியக் கூடாரம்?

முற்றிய தேங்காய்ப் பருப்பில் ஏறத்தாழ பாதி நீர். அது 6 விழுக்காட்டளவுக்கு இறங்கினால்தான் கொப்பரை கெடாது. பொள்ளாச்சி வட்டாரத்தில் பருப்பைக் களத்தில் பரப்பி வெயிலில் காயவைப்பது பழைய வழக்கம். ஆனால் இரவுப் பனியும் திடீர் மழையும் உலர்ந்ததை மறுபடி ஈரமாக்குகின்றன; பூஞ்சை பற்றுகிறது. அஃப்ளாடாக்சின் என்ற நச்சைச் சுரக்கும் பூஞ்சை இனங்களும் அவற்றில் உண்டு. பூசணம் பிடித்த கொப்பரைக்கு விலை விழும். உழைப்பு முழுதும் வீணாகும்.

சூரியக் கூடார உலர்த்தியில் ஒளி புகும் பாலித்தீன் தாள், கறுப்புத் தரை, ஈரக்காற்றை வெளியேற்றும் விசிறி ஆகியவை இருக்கும். கறுப்புத் தரை வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்க, தாள் அதைக் கலைந்துபோக விடாது. 30 பாகை செல்சியசில் 70 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்று, 50 பாகைக்குச் சூடானால் அதன் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 24 விழுக்காடாகிவிடும். உலர்த்துவது வெறும் சூடல்ல, இந்த வறண்ட காற்றே. ஆகவே வடிவமைப்பில் முதல் கவனம் காற்றோட்டத்துக்கு: குறைந்தால் உள்ளே நீராவி தேங்கும், மிகுந்தால் சூடு தங்காது. வெப்பம் அளவு மீறினால் பருப்பின் மேற்புறம் இறுகிப்போய் உள்ளீரம் சிறைப்படும். தேங்காய் குவியும் பருவத்தில் பல சிறு விவசாயிகள் ஒரே கூடாரத்தை முறைவைத்துப் பயன்படுத்தினால் செலவு தாங்கக்கூடியதாகிறது.