சார்ஜ் தீர்ந்தால் நடுரோடுதான்! மின்சார காரில் மதுரை போகிறவர்கள் உஷார்!

பெட்ரோல் தீர்ந்தால் கேனில் வாங்கி வந்து ஊற்றலாம். மின்சாரத்தைக் கேனில் பிடிக்க முடியுமா? மின்சார கார்க்காரர்கள் புறப்படும் முன்பே கணக்குப் போட்டாக வேண்டும்.

சென்னை—மதுரை சுமார் 460 கிலோ மீட்டர். 40 யூனிட் பேட்டரி உள்ள கார், யூனிட்டுக்கு 7 கிலோ மீட்டர் வீதம் 280 ஓடும். அதில் 20 சதவீதம் கையிருப்பு வேண்டும். ஆக, 220 கிலோ மீட்டருக்குள் முதல் 'சார்ஜ்'!

எங்கே நிறுத்துவது?

உளுந்தூர்பேட்டை பக்கம் ஒரு தடவை, திருச்சியில் ஒரு தடவை. 80 சதவீதம் ஏறியதும் கிளம்பிவிட வேண்டும். அதற்கு மேல் மெதுவாகத்தான் ஏறும். பின்னால் காத்திருப்பவருக்கும் பிளக் வேண்டாமா?

மெஷின் எந்த வகை என்பதுதான் முக்கியம். 50 கிலோவாட் மெஷினில் 1 மணி நேரத்தில் முக்கால்வாசி ஏறிவிடும். 3 கிலோவாட் சாதா பிளக்கில் மாட்டினால் பேட்டரி நிரம்ப 13 மணி நேரம்! டீ குடித்துவிட்டுக் கிளம்ப முடியாது, ராத்தங்க வேண்டியதுதான்.

100-க்கு மேல் விரட்டினால் கணக்கு உதைக்கும். மெஷின் பழுதாகிக் கிடந்தால்? பக்கத்தில் இன்னொன்று எங்கே என்பதையும் முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும். அதற்கும்தான் அந்தக் கையிருப்பு.

"போற வழியில பாத்துக்கலாம்" என்று கிளம்பினால், பிள்ளை குட்டிகளோடு நள்ளிரவில் லாரிக்குக் கை காட்ட வேண்டி வரும்!